தீர்க்கப்படாத நேர்த்திக்கடன்

நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று சைவக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையின் காய்ச்சல் மாறினால் காவடி எடுப்பிப்பேன் என்று நல்லூர்க் கந்தனிடம் ஒரு தாய் சொல்லிவிட்டால் அந்தச் சொல் அவளைக் கட்டிவிடும். ஊர் மாறலாம், நாடு மாறலாம், கடன் மாறாது. பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் மார்க்கத்திலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும் விமானம் ஏறிச் சென்று, திருவிழாக் காலத்தில் நேர்த்தி தீர்த்து வருவோர் இன்றும் உளர். 'நேர்த்தி ஒன்று கிடக்குது' என்ற நினைவே ஒரு வீட்டின் நிம்மதியைக் குலைக்கப் போதுமானது.

இப்படியான ஒரு வாக்கு ரொறன்ரோ மாநகரிலே உலகத்தின் பேரால் முன்வைக்கப்பட்டது. அது இன்னமும் தீர்க்கப்படாமல் கிடக்கிறது.

ரொறன்ரோவில் சொன்ன சொல்

1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இந்நகருக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. வேலை, வாடகை, ஊரிலிருந்து வரவேண்டிய கடிதம் என்பனவே அன்று வந்தவர்களின் கவலைகள். 1988ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி முதல் 30ஆம் திகதி வரை நகரின் மையத்தில் நடந்த ஒரு மாநாட்டைப்பற்றி அவர்களிற் பலர் அறிந்திருக்க நியாயமில்லை.

கனடிய அரசு கூட்டிய அந்த மாநாட்டிற்கு 46 நாடுகளிலிருந்து 300க்கும் அதிகமான அறிஞர்களும் அரச பிரதிநிதிகளும் வந்திருந்தனர். மாறிவரும் வளிமண்டலமே பேசுபொருள். அப்போதைய கனடியப் பிரதமர் பிரையன் மல்றோனியும் நோர்வேயின் பிரதமர் குறோ ஹார்லெம் புறுண்ட்லாண்டும் அங்கு உரையாற்றினர். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதனால் உண்டாகும் காபனீரொட்சைட்டு என்னும் கரியமிலவாயு வானிலே சேர்ந்து, பூமியைச் சுற்றி ஒரு போர்வைபோற் படிந்து, சூட்டை வெளியே போகவிடாது தடுக்கிறது என்பதை அவர்கள் ஆராய்ந்தனர். இந்த நாட்டில் மாரிகாலத்தைக் கழித்த எவருக்கும் போர்வையின் வேலை தெரியும். ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டே போனால் உள்ளே இருப்பவருக்கு வியர்க்கத்தான் செய்யும்.

மனிதகுலம் தன்னை அறியாமலே உலகம் முழுவதையும் ஒரு பரிசோதனைக்கு உட்படுத்துகிறது என்றும், அதன் முடிவு அணுவாயுதப் போருக்கு அடுத்தபடியான கேடாக அமையலாம் என்றும் மாநாடு எச்சரித்தது. அத்துடன் நிற்காமல் ஓர் எண்ணையும் குறித்தது. 2005ஆம் ஆண்டளவில் உலகின் காபனீரொட்சைட்டு உமிழ்வை 1988இன் அளவிலிருந்து 20 வீதம் குறைக்க வேண்டும் என்பதே அது. ஆண்டும் அளவும் குறித்து உலக மாநாடு ஒன்று இவ்வாறு கேட்டது அதுவே முதன்முறை என்பர்.

2005 வந்தது. உலகின் உமிழ்வு குறையவில்லை, கூடியிருந்தது. மாநாட்டைக் கூட்டிய கனடாவின் உமிழ்வே 1990க்கும் 2005க்கும் இடையில் ஏறக்குறையக் கால்பங்கு ஏறியது. இடையில் 1997இல் கியோட்டோ உடன்படிக்கை உருவாயிற்று. கனடா 2002இல் அதனை உறுதிசெய்தது, 2011இல் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 1988இல் வளிமண்டலத்தின் பத்து இலட்சம் பங்கில் 351 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு 2024இல் 424 பங்கைத் தாண்டிவிட்டது.

இங்கும் ஊரிலும்

ஒவ்வொரு மழையையும் ஒவ்வொரு வெயிலையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது முறையன்று. ஆயினும் அறிவியல் சொல்வது தெளிவானது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் அது ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒருநாள் கொட்டியே தீரும்.

2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமானநிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. 2024 ஜூலை 16ஆம் திகதி அதே இடத்தில் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர் பெய்தது. டொன் பள்ளத்தாக்குப் பெருந்தெருவில் வாகனங்கள் வெள்ளத்தில் அகப்பட்டன. காப்புறுதி செய்யப்பட்ட சொத்துகளின் இழப்பு மட்டும் 94 கோடி டொலருக்கு மேல் என மதிப்பிடப்பட்டது.

இத்தகைய நாளில் முதலில் நனைவது எது? வீட்டின் பேஸ்மென்ட். பேஸ்மென்டில் குடியிருப்போர் யார்? புதிதாக வந்த குடும்பம், படிக்க வந்த மாணவன், படியேற முடியாவிட்டாலும் வாடகை குறைவென்று கீழே இருக்கும் முதியவர். தமிழ் மக்களிற் பெரும்பகுதியினர் இந்த நாட்டில் முதன்முதல் படுத்தெழும்பியது பேஸ்மென்டிலேதான். மேலே இருப்பவருக்குக் கம்பளம் பழுதாகும். கீழே இருப்பவருக்கோ உடுப்பும் புத்தகமும் கடவுச்சீட்டும் சுவாமிப் படமும் ஒரே இரவில் தண்ணீரிலே போய்விடும்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் வேறொன்றைக் காட்டியது. அவ்வாண்டு கனடாவில் ஏறக்குறைய 150 இலட்சம் ஹெக்ரேயர் நிலம் காட்டுத்தீயில் எரிந்தது. அந்தப் புகை ரொறன்ரோவரை வந்தது. சூரியன் செம்மஞ்சள் வட்டமாகத் தெரிய, மூச்சுநோய் உள்ளவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தனர். அதற்கு இரண்டாண்டு முன்னர், 2021 ஜூன் 29ஆம் திகதி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிற்றன் என்ற சிற்றூரில் 49.6 பாகை செல்சியஸ் பதிவாகியது. மறுநாள் அவ்வூரின் பெரும்பகுதி எரிந்து போயிற்று. அந்த வெப்பஅலையில் அம்மாகாணத்தில் மட்டும் 619 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் வீட்டுக்குள்ளே இருந்த முதியவர்கள்.

மார்க்கத்தில் 'வன்னி' என்ற பெயரில் ஒரு தெரு உண்டு. அந்தப் பெயரைத் தந்த மண்ணும் தப்பவில்லை. குளத்தை நம்பி வாழும் பூமி அது. எப்போது கலிங்கு பாயும், எப்போது கதவு திறக்க வேண்டும் என்பது பரம்பரையாக வந்த அறிவு. மழை தன் முறையை மாற்றிக்கொண்டால் அந்த அறிவும் தடுமாறும். 2018 டிசம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையால் இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலால் இலங்கை முழுவதும் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டு, 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையகமே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு கணக்கை மனத்திற் கொள்ளவேண்டும். இலங்கையில் வாழும் ஒருவர் பேரில் ஆண்டொன்றுக்குச் சேரும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய ஒரு தொன். கனடாவில் வாழும் ஒருவர் பேரில் அதுவே பத்து மடங்குக்கு மேல். ஊரில் அண்ணனும் இங்கே தம்பியும் என்றால், தம்பியின் பேரில் எழும் புகையின் பங்கு அண்ணனின் வயலில் வெள்ளமாக நிற்கிறது. மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் கை இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

தீர்க்கப்பட்ட பங்கு

இவ்வளவும் கேட்டபின், 'இனி என்ன செய்யலாம், எல்லாம் கைமீறிப் போயிற்று' என்று சலித்துக்கொள்வது எளிது. ஆனால் ஒன்ராறியோ மாகாணத்தின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

2003இல் இம்மாகாணத்தின் மின்சாரத்தில் ஏறக்குறையக் கால்பங்கு நிலக்கரியை எரித்தே பெறப்பட்டது. ஐந்து நிலக்கரி மின்நிலையங்கள் இருந்தன. ஈரி ஏரிக்கரையில் இருந்த நான்ரிகோக் நிலையம் ஒருகாலத்தில் வட அமெரிக்காவிலேயே மிகப்பெரியது. மிசிசாகாவில் லேக்வியூ நிலையத்தின் நான்கு புகைபோக்கிகளும் வெகுதூரத்திலிருந்தே தெரியும். கோடை வந்தால் நகரின்மேல் மங்கிய புகைமூட்டம் நிற்கும். வானொலி எச்சரிக்கை சொல்லும்.

இதை முதலில் உரத்துப் பேசியவர்கள் அரசியல்வாதிகள் அல்லர். 1998இல் ஒன்ராறியோ மருத்துவச் சங்கம் காற்று மாசை ஒரு பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தது. தூய காற்றுக்காக அமைந்த குடிமக்கள் இயக்கம் மாநகரசபைகளையும் தாதியரையும் தாய்மாரையும் ஒன்றுசேர்த்தது. கடைசியில் கட்சிகள் இறங்கிவந்தன. லேக்வியூவை மூடும் கட்டளை ஒரு கட்சியின் ஆட்சியில் வந்தது. எல்லா நிலையங்களையும் மூடும் வாக்குறுதியோடு 2003இல் மறு கட்சி ஆட்சிக்கு வந்தது. முதலில் 2007 என்று குறித்த தவணை தவறியது. பின்னர் வேறு தவணைகள் வந்தன. ஆயினும் வாக்கைக் கைவிடவில்லை. 2005இல் லேக்வியூ மூடப்பட்டது. 2013இல் நான்ரிகோக்கின் நிலக்கரி எரிப்பு ஓய்ந்தது. 2014 ஏப்ரலில் தண்டர் பே நிலையத்தில் இறுதியாக நிலக்கரி எரிக்கப்பட்டது. மறுஆண்டு, இனி இங்கு மின்சாரத்திற்காக நிலக்கரி எரிக்கலாகாது என்று சட்டமும் ஆயிற்று.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2005இல் ஒன்ராறியோவில் 53 நாட்கள் புகைமூட்ட எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. 2014இல் ஒரு நாளேனும் இல்லை. வெளிச்சம் அணையவில்லை, தொழிற்சாலைகள் நிற்கவில்லை. அணுமின்நிலையத் திருத்தம், நீர்மின், காற்றாலை, எரிவாயு, சிக்கனம் என்பன கூடி அந்த இடத்தை நிரப்பின. 1988இல் கேட்ட 20 வீதம் நடக்காத காரியம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் பெற்றதைப் பேணுவதும் கடமை. மின்சாரத் தேவை கூடுகிறது. அதனுடன் எரிவாயு எரித்து மின்சாரம் எடுப்பதும் 2017ஐவிட இன்று அதிகரித்துள்ளது. ஒரு கதவைப் பூட்டிவிட்டு மறு கதவை மெல்லத் திறந்துவைப்பது போன்றது இது.

நிலத்தைக் காத்த குரல்கள்

மக்களின் குரலுக்குப் பயனுண்டா என்று ஐயுறுவோர் மார்க்கத்தின் கிழக்குப்புறத்தைப் பார்க்கலாம். 1972இல் பிக்கரிங், மார்க்கம், அக்ஸ்பிரிட்ஜ் பகுதிகளில் 18,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் புதிய விமானநிலையம் ஒன்றுக்கென மத்திய அரசால் எடுக்கப்பட்டது. அன்றே கமக்காரரும் ஊரவரும் எதிர்த்துக் கிளம்பினர். தலைமுறை மாறியும் அவர்கள் ஓயவில்லை. அந்த நிலத்தில் ஒரு பகுதி ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுடன் சேர்ந்தது. ஈற்றில் 2025 ஜனவரியில், அங்கு விமானநிலையம் இல்லை என்று அரசு அறிவித்தது. 53 ஆண்டுப் பொறுமை அது.

2022 நவம்பரில் ஒன்ராறியோ அரசு பசுமை வளையத்திலிருந்து 7,400 ஏக்கர் நிலத்தை வீடு கட்டவென விடுவித்தது. அவற்றிற் சில மார்க்கம் எல்லைக்குள்ளேயே இருந்தன. மக்கள் எதிர்த்தனர். கணக்காய்வாளர் நாயகம் 2023 ஆகஸ்டில் கடுமையான அறிக்கை வெளியிட்டார். செப்டெம்பர் 21ஆம் திகதி முதல்வர் டக் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றினார். வீடு தேவையில்லை என்று எவரும் சொல்லவில்லை. வெள்ளத்தை உறிஞ்சும் மண்ணும் சோறு தரும் வயலும் ஒருமுறை சீமெந்தின் கீழ்ப் போய்விட்டால் திரும்பி வாரா என்பதே அவர்கள் சொன்னது. யாழ்ப்பாணத்தில் கிணற்றடி மண்ணின் அருமை அறிந்தவர்களுக்கு இது புதிய பாடம் அன்று.

வீட்டுக்குள் செய்யத்தக்கவை

ஒன்ராறியோவில் இன்று மிகக் கூடிய உமிழ்வு வாகனங்களிலிருந்து வருகிறது. மார்க்கம் குடும்பம் ஒன்றுக்கு அதற்கடுத்த பெரிய செலவு வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ். ஆகவே காரும் ஃபர்னஸுமே முதலிற் கவனிக்க வேண்டியவை.

ஃபர்னஸ் பழுதாகி மாற்றவேண்டிய நாள் வரும்போது, அவசரத்தில் அதே போன்ற ஒன்றைப் பூட்டிவிடாமல் 'ஹீற் பம்ப்' பற்றி முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது. குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுபோல, இது வெளியிலுள்ள காற்றின் சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடும். கோடையில் அதுவே குளிரூட்டும். கூரைக்கும் சுவருக்கும் காப்பிடுதல், கதவு யன்னல் இடுக்குகளை அடைத்தல் என்பன அதைவிடச் செலவு குறைந்தவை. இவற்றுக்கு உதவ 2025 ஜனவரியில் மாகாணத்தில் ஒரு மானியத் திட்டம் தொடங்கப்பட்டது. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை மிகக் குறைந்த விலையில் மின்சாரம் பெறும் கட்டணமுறையும் உண்டு. மின்கார் வைத்திருப்போருக்கு அது பெரிய ஆதாயம்.

மழைநீரைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்தையும் முற்றத்தையும் முழுவதும் கல்பதித்து மூடிவிட்டால் மழைநீர் எங்கே போகும்? பக்கத்து வீட்டுப் பேஸ்மென்டுக்கே போகும். பீலிக் குழாயைப் புல்தரையில் விடுதலும், ஒரு பீப்பாயில் நீரைப் பிடித்துக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றுதலும் எவர்க்கும் இயலும். மார்க்கம் நகரசபை 2015 முதல் மழைநீர்க் கட்டணம் அறவிட்டு, 30 ஆண்டு வெள்ளத் தடுப்புத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. கட்டணத்தைக் கண்டு முணுமுணுப்பவர்கள் அது எதற்கென்று அறிந்தால் முணுமுணுப்புக் குறையும்.

கோயில்களுக்கும் பங்குண்டு. அன்னதானம் சைவத்தின் பெருமை. ஆனால் அந்தச் சோறு மீந்து குப்பையோடு புதையுண்டால், காற்றில்லாத இடத்தில் அழுகி மெதேன் என்ற வாயுவாகிறது. அது காபனீரொட்சைட்டைவிடப் பன்மடங்கு சூடேற்றும். அளந்து சமைத்தலும், மீந்ததைப் பசித்தவருக்குச் சேர்ப்பித்தலும், கழிவைப் பச்சைத் தொட்டியில் இடுதலும் பூசைக்குக் குறைந்த தொண்டல்ல. வாழையிலையிலும் தாமரையிலையிலும் உண்ட சமூகத்துக்கு நுரைப் பிளாஸ்ரிக் தட்டு எந்த ஆகமத்திலும் விதிக்கப்படவில்லை. ரூஜ் ஆற்றில் பூவும் தேங்காயும் விடுபவர்கள், துணியையும் பிளாஸ்ரிக் பையையும் சேர்த்து விட்டுவருவது கங்கைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஞாயிறு பூசைக்கு ஒரே தெருவிலிருந்து நான்கு கார் வருவதற்குப் பதில் ஒரு கார் வந்தால் தரிசனத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

நிலம், நீர், தீ, காற்று, வான் என்ற ஐந்தையும் இறைவன் வடிவாகக் கண்டு காஞ்சியிலும் திருவானைக்காவிலும் திருவண்ணாமலையிலும் காளத்தியிலும் சிதம்பரத்திலும் வழிபட்டவர்கள் இதைப் பிறரிடமிருந்து கற்கவேண்டிய நிலை வரலாகாது. 2015இல் பாரிஸ் மாநாட்டுக்கு முன்னர் உலகின் பல இந்து அமைப்புகள் கூடி, பூமியைக் காப்பது தர்மம் என்று கூட்டறிக்கை விடுத்தன. அறிக்கையை நடைமுறைக்குக் கொண்டுவருவது அவ்வக் கோயிலின் நிர்வாகசபை.

ஆள்வோரிடம் கேட்கவேண்டியவை

இரண்டு வேலை செய்து வீட்டுக்கடன் கட்டும் ஒருவரிடம், எல்லாவற்றையும் நீயே மாற்று என்பது நியாயமன்று. பேருந்து அரைமணிக்கு ஒருமுறை வந்தால் அவர் காரைத்தான் எடுப்பார். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் ஃபர்னஸை மாற்ற முடியாது. ஆகவேதான் ஆட்சியாளரின் பொறுப்புப் பெரியது.

மார்க்கம் நகரசபை 2050இல் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்குவதாக இலக்கு வைத்துள்ளது. நகரத்துக்குச் சொந்தமான மாவட்ட எரிசக்தி நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் பல கட்டடங்களுக்கு ஒரே இடத்திலிருந்து குழாய்வழியே சூடும் குளிரும் வழங்குகிறது. இப்போது கழிவுநீரிலுள்ள வெப்பத்தை எடுத்துப் பயன்படுத்தும் திட்டத்தையும் கையில் எடுத்துள்ளது. இவை பாராட்டுக்குரியன. இவை விரைவு பெறவும், புதிய வீடுகள் எரிவாயுக் குழாய் இன்றியே எழவும், பேருந்து அடிக்கடி ஓடவும், பேஸ்மென்ட் குடியிருப்பாளருக்கு வெள்ளப் பாதுகாப்புக் கிடைக்கவும் மக்கள் கேட்கவேண்டும். மாகாணத்திடம் எரிவாயு மின்நிலையங்களைப் பெருக்காதிருக்கக் கேட்கவேண்டும். மத்திய அரசு 2021இல் சட்டமாக்கிய 2050 இலக்கை நினைவூட்டவேண்டும். மக்கள்மீதான காபன் கட்டணம் 2025 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக என்ன செய்யப்போகிறீர்கள் என்று எந்தக் கட்சியினரிடமும் கேட்கலாம். கோயில் திருவிழாவுக்கு வந்து மாலை வாங்கிப் பேசும் பிரமுகரிடம் இந்தக் கேள்வியை மரியாதையோடு கேட்பதிற் பிழையில்லை. நகரசபைக் கூட்டத்தில் எந்தக் குடிமகனும் பெயர் பதிந்து பேசலாம்.

உலகின் உமிழ்வில் கனடாவின் பங்கு ஏறக்குறைய ஒன்றரை வீதந்தானே என்று கேட்போரும் உண்டு. கோயிற் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உபயகாரருடையது. என் உபயம் பத்தில் ஒன்றுதானே என்று ஒருவர் விட்டுவிட்டால் அன்றைக்குச் சுவாமி எழுந்தருள மாட்டார். மற்றவர் செய்கிறாரா என்று பார்த்துச் செய்வதல்ல உபயம்.

தமிழில் 'வாக்கு' என்ற ஒரே சொல் கொடுத்த சொல்லையும் குறிக்கும், தேர்தலில் இடுவதையும் குறிக்கும். மாநகரத் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அன்று சாவடிக்குச் செல்வோர் தொகை குறைவு. அங்கே இடும் வாக்கினால், 1988இல் இந்நகரில் முன்வைத்த வாக்கை நிறைவேற்றும்படி கேட்க முடியும். தாயும் தகப்பனும் வைத்த நேர்த்தியைப் பிள்ளைகள் தீர்த்து வைப்பது வழக்கம். இந்த நேர்த்தியையும் பிள்ளைகளின் தலையில் வைத்துவிட்டுப் போகாமல், வைத்த தலைமுறை உயிரோடு இருக்கும்போதே தீர்ப்பது முறை.